போர்பனில் யாரும் சர்க்கரை போடுவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் விஸ்கி வகைகளைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையாக எடுத்துப் படித்தேன். ஸ்காட்ச் பகுதி நன்றாகவே இருந்தது. ஆனால் போர்பனுக்கு வந்ததும் "இனிப்பும் நிறமும் சேர்த்த கென்டக்கி விஸ்கி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 16 வருடமாக பார் கவுண்டருக்குப் பின்னால் நின்று ஊற்றிக் கொடுப்பவன் நான். அந்த வரியைப் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்கச் சட்டப்படி போர்பன் என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும், வடிக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, உள்பக்கம் கருக்கிய புத்தம் புது ஓக் பீப்பாயில் 62.5 சதவீதத்துக்கு மேல் போகாமல் நிரப்ப வேண்டும், பாட்டிலில் அடைக்கும்போது 40க்குக் கீழே இறங்கக் கூடாது. இடையில் சேர்க்க அனுமதி உள்ளது தண்ணீர் மட்டும்தான். நிறத்துக்காகக் கேரமல் சேர்க்க இடம் கொடுப்பது ஸ்காட்ச் விதிகள், போர்பன் விதிகள் இல்லை. அப்புறம் அந்தக் கென்டக்கி விஷயம். பெரும்பகுதி அங்கேதான் தயாராகிறது என்றாலும், அமெரிக்காவில் எந்த மாநிலத்தில் செய்தாலும் அது போர்பன்தான். 1964ல் அமெரிக்க காங்கிரஸ் அதைத் தங்கள் நாட்டுக்கே உரிய தயாரிப்பு என்று தீர்மானம் போட்டிருக்கிறது.

சரி, யாரும் எதுவும் சேர்க்கவில்லை என்றால் அந்த வெனிலா வாசனையும் நாக்கில் தங்கும் இனிப்பும் எங்கிருந்து வருகின்றன? மக்காச்சோளம் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். சோளத்தின் மாவுச்சத்தை முளைகட்டிய பார்லி சர்க்கரையாக மாற்றுவது உண்மைதான், ஆனால் அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்கிவிடும், மிச்சம் மீதி இருந்தாலும் வடிக்கும்போது அது கொதிகலத்திலேயே தங்கிவிடும். வடித்தவுடன் கிடைக்கும் சரக்கைத் தொழிலில் 'ஒயிட் டாக்' என்பார்கள். தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல், வேகவைத்த சோள வாசனையோடு, தொண்டையைச் சுடும். அதில் வெனிலாவைத் தேடினாலும் கிடைக்காது.

மாற்றம் நடப்பது பீப்பாயில். சுமார் 200 லிட்டர் பிடிக்கும் ஓக் பீப்பாயின் உள்பக்கத்தை நெருப்பில் காட்டிக் கருக்குகிறார்கள், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம்தான். நன்றாகக் கருக்கினால் மரம் முதலைத்தோல் மாதிரி வெடித்து நிற்கும், அதற்கு 'அலிகேட்டர் சார்' என்றே பெயர். அந்தக் கரிக்கு அடியில் சூடுபட்டுச் சிவந்த ஒரு அடுக்கு இருக்கிறது பாருங்கள், போர்பனின் உயிரே அங்கேதான். மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் உடைந்து கேரமல் மணமாகிறது, லிக்னின் வெனிலா மணம் தரும் வெனிலினாகிறது, ஓக் லாக்டோன் தேங்காய் வாசனை தருகிறது. கோடை வெயிலில் சரக்கு விரிந்து மரத்துக்குள் ஏறுகிறது, குளிர் வந்ததும் வெளியே இறங்குகிறது, இப்படியே வருடக்கணக்கில் ஏறி இறங்கித்தான் அந்தச் செம்பழுப்பு நிறமும் வருகிறது. ஒருமுறை போர்பன் வைத்த பீப்பாயில் மறுபடி போர்பன் வைக்க முடியாது, அதனால் அவை கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. உங்கள் கட்டுரை பாராட்டிய பல ஸ்காட்ச்களின் வெனிலா மணமும் அந்தப் பழைய போர்பன் பீப்பாய் கொடுத்ததுதான்.

புது மரம் என்பதால் ஸ்காட்ச் போல 18, 20 வருடம் வைத்தால்தான் உயர்வு என்ற கணக்கு இங்கே பலிக்காது. ரொம்ப நாள் விட்டால் மரத்தின் துவர்ப்பு மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். என்னைக் கேட்டால் 6 முதல் 10 வருடத்துச் சரக்குதான் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது.

முதலில் ராவாகக் குடித்துப் பாருங்கள், ஒரே மடக்கில் இல்லை. வாய் குறுகிய கிளாஸில் 30 மில்லி ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி முகர்ந்தால் ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறாது. சின்ன மிடறு எடுத்து மெல்லுவது போல வாய்க்குள் புரட்டுங்கள், போர்பன் தயாரிப்பாளர் ஜிம் பீமின் பேரன் புக்கர் நோ சொல்லிக் கொடுத்த முறை இது, 'கென்டக்கி மெல்லல்' என்பார்கள். அப்புறம் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர்ந்தால் முன்பு இல்லாத வாசனை எழும். ரை தானியம் அதிகமுள்ள புல்லட் என்ற போர்பனையும், ரைக்குப் பதில் கோதுமை போட்ட மேக்கர்ஸ் மார்க் என்ற போர்பனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்தால் முதலாவதில் மிளகுக் காரம் தெரியும், இரண்டாவது மெத்தென்று இறங்கும்.

சர்க்கரை வருவது காக்டெயிலில்தான், அதுவும் கொஞ்சமாக. ஓல்டு ஃபேஷண்ட் என்ற காக்டெயிலுக்கு 60 மில்லி போர்பன், ஒரு சின்னச் சர்க்கரைக் கட்டி, இரண்டு மூன்று சொட்டு அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் (கசப்பான மூலிகைச் சாறு), பெரிய ஐஸ் கட்டி ஒன்று, அவ்வளவுதான். 1806ல் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் ஊர்ப் பத்திரிகை ஒன்று காக்டெயில் என்றால் மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்று விளக்கம் கொடுத்தது, இன்றும் இந்தக் கிளாஸில் இருப்பது அதேதான். தண்ணீருக்குப் பதில் ஐஸ் கரைகிறது, அந்தக் கரைசல்தான் முக்கியம், அதனால் அவசரப்படாமல் அரை நிமிடமாவது கலக்குங்கள். கடைசியில் ஆரஞ்சுத் தோலை கிளாஸுக்கு மேலே பிழிந்து அதன் எண்ணெயைத் தெளிக்கும்போது வரும் மணத்துக்காகவே நான் இந்த வேலையை விடாமல் இருக்கிறேன். ஐஸ் கரையும் என்பதால் 50 சதவீதம் ஆல்கஹால் உள்ள 'பாட்டில்ட் இன் பாண்ட்' வகைதான் இதற்கு என் கை போகும், 1897ம் வருடச் சட்டப்படி அது குறைந்தது 4 வருடம் பீப்பாயில் இருந்திருக்கும். கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தில் குடிக்கும் மின்ட் ஜூலெப் என்ற புதினா காக்டெயிலுக்கு ஒரே குறிப்பு: புதினாவை நசுக்காமல் லேசாக அழுத்துங்கள், நசுக்கினால் கசந்துவிடும்.

'இனிப்பும் நிறமும் சேர்த்த' என்ற அந்த வார்த்தைகளையும், கென்டக்கி பற்றிய தவறையும் அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியிலாவது திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன், ஒரு பார்டெண்டர்