அம்மா பாடும் டூயட்

அன்புள்ள மல்லி,

நான் பதிலே போடுவதில்லை என்று உமாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். அவள் சும்மா இருப்பாளா? உப்பு மிளகாய் சேர்த்து ஒப்பித்துவிட்டாள். திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பையன் போன் செய்கிறான், பணம் வேண்டுமென்றால். சரி, எழுத உட்கார்ந்தது அம்மாவைப் பற்றி.

மறதி நோயில் அம்மா என்னை மகள் என்று தெரியாமல் 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்து நாளாகிறது. அது பழகிவிட்டது. பழகாதது குளியல்தான். தண்ணீர் பட்டதும் போடுகிற கூச்சலில் தெருவே எட்டிப் பார்க்கும்.

அண்ணன் ஒரு பாட்டுப்பெட்டி வாங்கி அனுப்பினான், முழுக்கப் பக்திப் பாட்டு. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் அக்கா தன் போனில் டி.எம்.எஸ்., சுசீலா டூயட் ஒன்றைப் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் வலது கை தொடையில் தாளம் போட்டது. சுசீலா வரிகளை ஒரு சொல் பிசகாமல் பாடினாள். அதுகூடப் பரவாயில்லை மல்லி, டி.எம்.எஸ். முறை வந்ததும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்! அவர் முடித்ததும் சரியாகத் தன் பங்கை எடுத்துக்கொண்டாள். நம் பூஜையறை அம்மாவுக்குள் இப்படி ஒரு காதல் நாயகி.

யோசித்தால் ஆச்சரியமில்லை. அம்மா 1947-இல் பிறந்தவள். தாத்தா தலை மறைந்ததும் ரேடியோ முள் இலங்கை வானொலிக்குப் போய்விடும் என்பாள். அதன் அறிவிப்பாளர் மயில்வாகனம் பேசுகிற மாதிரி பேசிக்காட்டிச் சித்தியைச் சிரிக்கவைப்பாளாம். பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் கேட்டதுதான் மனிதருக்குக் கடைசிவரை ஒட்டிக்கொள்கிறதாம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் 2015-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பழகிய பாட்டை அடையாளம் காணும்போது வேலை செய்கிற மூளைப் பகுதிகள், அல்சைமர் என்ற மறதி நோய் வந்தவர்களிடம் மற்ற இடங்களைப் போல அவ்வளவு சுருங்குவதில்லை என்றார்கள்.

இதைக் கேட்டதும் சித்தப்பா 'இசையால் மறதி குணமாகும்' என்று வாட்ஸப்பில் தினம் ஒன்று அனுப்புகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குணமெல்லாம் ஆகாது. மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கும் காக்ரேன் குழு 2018-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது: ஐந்து அமர்வுக்குக் குறையாமல் இசை சிகிச்சை கொடுத்தால் மனச்சோர்வு குறையலாம், நடத்தைச் சிக்கல்களும் மொத்தத்தில் குறையலாம், நினைவாற்றலுக்குப் பெரிய பலன் தெரியவில்லை. அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட் அல்சைமரோடு 2021-இல், தன் 95-ஆவது பிறந்தநாளன்று நியூயார்க் மேடையில் கச்சேரியே செய்தார். அதற்காக நோய் போய்விடவில்லை. அம்மாவும் பாடி முடித்துவிட்டு என்னிடம், "டீச்சர், ஸ்கூல் விட்டாச்சா?" என்றுதான் கேட்டாள்.

ஆனால் குளியல் எளிதாகிவிட்டது. வெந்நீர் விளாவும்போதே அந்த டூயட்டை வைத்துவிடுவோம். தினமும் பலிக்கிறது என்று சொல்லமாட்டேன், பெரும்பாலும் பலிக்கிறது. போனில் நேராகப் போட்டால் நடுவில் விளம்பரம் அலறி அம்மா மிரண்டுபோகிறாள்; அதனால் பாட்டுகளை இறக்கி வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஓடவிட்டால் எரிச்சலாகிவிடுகிறாள். ஒரு பாட்டை மட்டும் வைப்பதே இல்லை. முதல் வரியிலேயே அழுகை, "ருக்கு எங்கே, இன்னும் வரலையே" என்று வாசலுக்குப் போகிறாள். ருக்கு சித்தி இறந்துபோனது அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் நான் ஏன் அதைச் சொல்ல வேண்டும்? கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிடுகிறேன்.

இப்போது உன் அப்பா. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வேறு. தெரிந்த தெருவில் வழி கேட்டு நின்றார் என்று நீ எழுதியிருந்தாயே, அதைத் தள்ளிப்போடாதே. நரம்பியல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. கூடவே ஒரு நோட்டு எடுத்து, அவருக்குப் பிடித்த பாட்டுகளை அவர் வாயாலேயே கேட்டு எழுதி வை. கல்யாணத்துக்கு முன்னால் எது, சைக்கிளில் போகும்போது எதை முணுமுணுத்தார், எது வந்தால் ரேடியோவை அணைத்தார், எல்லாம். நாங்கள் கேட்காமல் விட்டதால் அம்மா விஷயத்தில் குத்துமதிப்பாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தயவுசெய்து நீ பாடிக்காட்டி "இதுவா அப்பா?" என்று கேட்காதே. ஹாஸ்டல் டே அன்று வார்டன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. போனிலேயே போட்டுக் கேள்.

பதில் போடு, உமா வழியாக அல்ல.

உன்,
ராஜி