நிமிடத்துக்கு எத்தனை ஸ்வரம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கல்லூரி ராக் குழுக்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் பேட்டி கொடுத்த நான்கு கிதார் பையன்களிடமும் முதலில் கேட்டது, எவ்வளவு வேகமாக வாசிப்பீர்கள் என்பதைத்தான். தான் போட்ட ஒரு மெட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பகலில் அரமும் ஸ்பேனரும், சாயங்காலம் கிதார். முப்பது வருடம் மெல்லிசைக் குழுக்களில் வாசித்திருக்கிறேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, புத்தாண்டு இரவு எதையும் விட்டதில்லை. இப்போது வீட்டுத் திண்ணையில் கிதார் ரிப்பேர் பார்க்கிறேன். இந்தத் தகுதியை நம்பி, போன பிப்ரவரியில் ஒரு கல்லூரிக் கலைவிழாவுக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள்.

கையில் கொடுத்த மதிப்பெண் தாளில் வேகம் 30, டெக்னிக் 30, மேடைத் தோற்றம் 20, மற்றவை 20 என்று இருந்தது. மெட்டு எங்கே என்று கேட்டேன். "அது மற்றவையில வரும் சார்" என்றார்கள். முதல் பரிசு வாங்கிய பையன் இரண்டு கையாலும் ஃப்ரெட் பலகையில், அதாவது தந்தியை விரலால் அமுக்கும் கழுத்துப் பலகையில், தட்டித் தட்டி வாசித்தான். ஒரு ஸ்வரம்கூடப் பிசகவில்லை, அரங்கமே விசில் அடித்தது. அவனுக்கு முன்னால் ஒரு பெண் வாசித்திருந்தாள். அவள் சொந்தமாகப் போட்ட மெட்டு, பதினாறு பார், அதாவது பதினாறு தாளச் சுற்றுதான் இருக்கும். கடைசியில் ஒரு தந்தியை மெதுவாக இழுத்து, எட்ட வேண்டிய ஸ்வரத்துக்குக் கொஞ்சம் கீழேயே ஒரு நொடி நிறுத்திவிட்டு, அப்புறம் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவளுக்கு ஐந்தாவது இடம். அந்தத் தாளில் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் பையன் வாசித்ததை நினைவுபடுத்திப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண்ணின் மெட்டு சத்திரம் பேருந்து நிலையம் வரைக்கும் கூடவே வந்தது.

எனக்குக் கிதார் சொல்லிக் கொடுத்தவர் ரயில்வே காலனியில் பக்கத்துத் தெருவில் இருந்த ஆங்கிலோ இந்தியர், நீராவி என்ஜின் டிரைவர். அவர் கற்றுக்கொடுத்த முதல் உருப்படி 'அப்பாச்சி', ஷேடோஸ் குழு 1960-இல் வாசித்தது. பாட்டே கிடையாது. ஹாங்க் மார்வின் என்பவரின் கிதார்தான் அங்கே பாடகர். விரல் பறக்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் மாதமே நான் அதை இரண்டு மடங்கு வேகத்தில் வாசித்துக் காட்டினேன். அவர் தந்திகள்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிவிட்டு, "எங்க மேன் ஓடறே? முதல்ல வாயால பாடு. பாட வராதது விரல்ல வந்து என்ன பிரயோஜனம்?" என்றார். அந்த மார்வினைக் கேட்டு வளர்ந்த இங்கிலாந்துப் பையன்களில் இரண்டு பேர், பின்னாளில் பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவில் கிதார் வாசித்த டேவிட் கில்மரும் குயீன் ராக் குழுவின் பிரையன் மேயும் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

டிரைவரின் உறவினர் ஒருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தபோது குயீன் கேசட் ஒன்று கொண்டுவந்தார். 1975-இல் வெளியான 'பொஹீமியன் ராப்சடி' அதில் இருந்தது. அந்த ஆறு நிமிடப் பாட்டில் கிதார் தனியாக முன்னால் வந்து வாசிக்கும் சோலோ அரை நிமிடம்கூட இருக்காது. பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி பாடிய மெட்டையே திரும்ப வாசித்துவிட்டுப் போயிருக்கலாம், பலரும் அப்படித்தான் செய்வார்கள். பிரையன் மே அதே ஸ்வரக்கட்டுக்குமேல் வேறொரு மெட்டைப் போட்டார். பாட்டுக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்வது மாதிரி இருக்கும். அதிலும் வேகமான இடம் உண்டு. ஆனால் முழுவதையும் வாயால் பாடிவிடலாம். எங்கள் ஒர்க்ஷாப்பில் இங்கிலீஷ் பாட்டே கேட்காத வெல்டர் ஒருவர், நான் முணுமுணுத்ததைக் கேட்டுக் கேட்டே அதை விசிலடிக்கப் பழகிக்கொண்டார்.

மே வாசித்த அந்தக் கிதார் எப்படிச் செய்யப்பட்டது என்று படித்தபோது, ஃபிட்டர் என்ற முறையில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. கடையில் வாங்க வசதியில்லை என்று 1963-இல் பிரையன் மேயும் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த அவர் அப்பாவும் வீட்டிலேயே செய்யத் தொடங்கியது அது. கழுத்துப் பகுதி பழைய கணப்படுப்பைச் சுற்றியிருந்த மஹோகனி மரம். புழு அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். ஃப்ரெட் பலகையில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். ஸ்வரத்தை நடுங்க வைக்கும் கம்பி சைக்கிள் பை மாட்டும் கம்பி, அதன் நுனியில் பின்னல் ஊசி. தந்திகளின் இழுப்புக்கு எதிர் இழுப்பாகப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வ் ஸ்ப்ரிங் இரண்டு. இதெல்லாம் உட்கார்ந்து ஆடுவது ஒரு கத்தி விளிம்பின்மேல். நகைக்கடைத் தராசின் நடுவில் இருக்குமே, அதே ஏற்பாடு. உராய்வு மிகக் குறைவு என்பதால் கம்பியை எவ்வளவு அமுக்கி விட்டாலும் சுருதி பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அவ்வளவு சின்ன வயதுப் பையனுக்கு இது தோன்றியிருக்கிறது! வாசிப்பதும் தந்தியை மீட்டும் பிளாஸ்டிக் பிக்கால் இல்லை, இங்கிலாந்தின் பழைய ஆறு பென்ஸ் காசால். நானும் பத்துப் பைசா அலுமினியக் காசை வைத்துப் பார்த்தேன், ஒரே வாரத்தில் விளிம்பு தேய்ந்துவிட்டது. நாலணா பரவாயில்லை.

'பொஹீமியன் ராப்சடி' வந்த அதே 1975 ஆல்பத்தில் 'குட் கம்பெனி' என்று ஒரு பாட்டு. அதில் டிரம்பெட், கிளாரினெட், டிராம்போன் சேர்ந்த ஒரு பழைய ஜாஸ் கோஷ்டி வாசிப்பது போலக் கேட்கும். அவ்வளவும் மேயின் கிதார்தான். குழுவின் பேஸ் கிதார் வாசிப்பாளர் ஜான் டீக்கன், குப்பையில் கிடந்த ஒரு சர்க்யூட் பலகையை எடுத்துவந்து ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்து, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆம்ப் (கிதார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒன்று செய்திருந்தார். அதன் வழியாகத்தான் அந்தக் காற்று வாத்தியக் குரல்கள் வந்தன. கிதாரில் கிளாரினெட்டின் மூச்சைக் கொண்டுவர வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதற்கு எந்தப் பத்தியில் மதிப்பெண் போடுவது?

வேகத்தின்மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க ராக் கிதார் கலைஞர் எட்டி வான் ஹேலன் 1978-இல் 'இரப்ஷன்' என்று 1 நிமிடம் 42 நொடிக்கு ஒன்று வாசித்தார். இரண்டு கையாலும் தட்டி வாசிப்பது அவருக்கு முன்பும் உண்டு, ஆனால் அவர் கையில் அது விளையாட்டுப் பிள்ளை போலத் துள்ளியது. அதை நகலெடுத்தவர்கள் தட்டலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1983-இல் பிரையன் மேயே அவரைக் கூப்பிட்டு, 'ஸ்டார் ஃப்ளீட் ப்ராஜெக்ட்' என்ற சின்ன ஆல்பத்தில் சேர்ந்து வாசித்தார். வாசிக்கிறவர்கள் நடுவே இந்தச் சண்டை இல்லை. மதிப்பெண் தாள் அடிக்கிறவர்களுக்குத்தான் எண்ணிப் பார்க்க ஏதாவது வேண்டியிருக்கிறது. கனடாக்காரப் பாடகர் நீல் யங் 1969-இல் 'சின்னமன் கேர்ள்' பாட்டில் ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப அடித்து ஒரு சோலோ வாசித்தார். நம் கலைவிழாவுக்கு வந்திருந்தால் முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

என்னிடம் ரிப்பேருக்கு வரும் பிள்ளைகளும் ஃபோனில் தாளம் தட்டும் மெட்ரோனோமைக் காட்டி, "அங்கிள், 180-ல வாசிக்கிறேன்" என்கிறார்கள், நிமிடத்துக்கு 180 தட்டு என்று அர்த்தம். சரி, அதைப் பாடிக் காட்டு என்றால் சிரிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தானே தருவார்கள்?

தங்கள் நிருபர் அடுத்த தடவை இப்படிக் குழுக்களைச் சந்திக்கும்போது, நீங்களே போட்ட மெட்டு ஒன்றைக் கிதார் இல்லாமல் பாடுங்கள் என்று கேட்டுப் பார்க்கட்டும். கலைவிழா நடத்துகிறவர்கள் வேகத்துக்கு வைத்திருக்கும் முப்பதில் பதினைந்தை எடுத்து மெட்டுக்குத் தனிப் பத்தி போடலாம். அடுத்த பிப்ரவரியில் அதே கல்லூரி கூப்பிட்டால், தாளை முதலிலேயே வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் போவதாக இருக்கிறேன். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன். இதைப் படித்தால் அவள் வரட்டும், தந்தி மாற்றக் காசு வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர்,
பொன்மலை, திருச்சி.