சம்பூர்க் கசெற் யாரிடமாவது இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு ஞாயிறுக்கு முன் உங்கள் பத்திரிகையில் ஈழத்துப் பொப் இசை பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன், எங்கள் ஊர் பரமேஸ் - கோணேஸ் சகோதரர்கள் என்று எல்லாரையும் மறக்காமல் எழுதியிருந்தீர்கள். மனம் நிறைந்தது. அவர்களுடைய பாட்டுக்கு இசைத்தட்டு சாட்சி சொல்லும். கோயில் திருவிழா, கலியாண வீடு, பள்ளிக்கூட விழா என்று ஊர் ஊராக வாசித்துத் திரிந்த சின்னக் குழுக்களுக்கு அப்படி ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கள் குழு வாசித்தது ஒரே ஒரு கசெற்றில் பதிவானது. அதைத் தேடித்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

1974 இலிருந்து 1983 வரை நாங்கள் ஏழு பேர் சேர்ந்து வாசித்தோம். குழுவுக்கென்று பெயர் வைக்கவில்லை. சனம் ‘பாலையூற்றுப் பொடியள்’ என்றது, அதுவே நிலைத்துவிட்டது. ஏழு பேரில் ஒருவர் மட்டும் பொடியன் இல்லை. அவருக்கு அப்போதே நாற்பத்தைந்து வயது. பறங்கியர், தச்சு வேலை செய்தவர். அவருடைய பட்டறைதான் எங்களுக்கு ஒத்திகை இடம். நாங்கள் அவரை அங்கிள் என்போம், அவர் எங்கள் ஏழு பேரையும் – தன்னையும் சேர்த்துத்தான் – ‘மகன்’ என்பார். வேலையில் பிழை விட்டால் “என்ன மகன் செய்கிறாய்?” என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அவரிடம் ஒரு சின்ன ஹோனர் அக்கோடியன் இருந்தது. 1957 இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது ஒரு மாலுமி விற்றுவிட்டுப் போனது. 1964 புயலில் பட்டறைக் கூரை பறந்த இரவு, அங்கிள் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேலை மேசைக்குக் கீழே விடியும்வரை இருந்தாராம்.

மற்ற வாத்தியங்கள் எல்லாம் நாங்களே தேடியும் செய்தும் கொண்டவை. 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. கிற்றார் கம்பி அறுந்தால் கொழும்புக்கு ஆள் விட்டாலும் கிடைக்காது. ஆனால் திருகோணமலையில் தங்கூசிக்கு, அதுதான் மீன்பிடிக்கிற நைலோன் நூலுக்கு, பஞ்சம் இல்லையே! மீன்பிடிச் சாமான் கடையில் மூன்று பருமனில் வாங்கி, கீழ்க் கம்பி மூன்றுக்கும் அதைப் பூட்டினோம். தங்கூசி முதல் இரண்டு நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி நிற்காது. அதனால் எங்கள் கிற்றார்காரர் நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பே புதுக் கம்பி பூட்டி, போகிற வருகிற நேரமெல்லாம் முறுக்கிவிடுவார். கடைக்காரருக்கு நாங்கள் என்ன மீன் பிடிக்கிறோம் என்று கடைசிவரை விளங்கவில்லை.

நான் வாசித்தது பேஸ். அங்கிள் முதிரைப் பலகையில் அறுத்துத் தந்தார். முதிரை என்றால் பாரம் தெரியும்தானே? சைக்கிள் ரியூப்பில் வார் போட்டுத் தோளில் மாட்டுவேன். கம்பி சைக்கிள் பிறேக் வயர். பழைய ரெலிபோன் றிசீவரைக் கழற்றி, மூடித் தகட்டை எடுத்துவிட்டு, உள்ளே இருந்த காந்தத்தையும் சுருளையும் கம்பிக்குக் கீழே பொருத்தினோம். முதல்முறை ஒலிபெருக்கியில் கொடுத்துத் தட்டியபோது பட்டறைத் தகரம் அதிர்ந்தது. அங்கிள் சீவுளியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். இன்றைக்கு நல்ல நல்ல பேஸ் கிற்றார் கேட்கிறேன், அந்த அடித்தொண்டைச் சத்தம் எதிலும் வரவில்லை. முதிரைக்கென்று ஒரு குரல் இருக்கிறது என்று நான் மனதார நம்புகிறேன்.

பெண் குரலுக்கு யாரும் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். அதனால் பதின்மூன்று வயதுப் பொடியன் ஒருவன் பாடுவான். மேடையில் ஒரு பக்கம் சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் அவனை நிறுத்துவோம். அத்தனை இனிமையான குரல்.

சரி, கசெற் விஷயத்துக்கு வருகிறேன். 1980 இல் சம்பூரில் ஒரு பொங்கல் இரவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மூதூருக்கு லோஞ்சில் போய், அங்கிருந்து உழவு மெசின் பெட்டியில் கட்டைபறிச்சான் வழியாகப் போகவேண்டும். நல்ல வெயில். கொட்டியாரக் குடாவின் நடுவில் லோஞ்ச் எஞ்சின் நின்றுவிட்டது. ஆடிக்கொண்டு நிற்கிற லோஞ்சில் பிள்ளைகள் அழ, பெரியவர்கள் ஒவ்வொருவராக ஓரத்துக்குப் போய்ச் சத்தி எடுக்க, அங்கிள் மேல்தட்டில் கிடந்த அக்கோடியனை இறக்கிவரச் சொல்லி ஒரு கபிரிஞ்ஞா, பறங்கியரின் துள்ளாட்டப் பாட்டு, வாசிக்கத் தொடங்கினார். கொங்கோ மேளம் சேர்ந்தது. சந்தைச் சாமானோடு வந்த ஒரு ஆச்சி கூடையில் தாளம் போட்டா. கொஞ்ச நேரத்தில் யாருக்கும் தலைச்சுற்று இல்லை. “எஞ்சின் என்ன ஆச்சு?” என்று ஒருவர் எட்டிப் பார்த்தார். எஞ்சின்காரர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அது எப்பவோ சரியாகிட்டுது. பாட்டு முடியட்டும் எண்டு இருக்கிறன்” என்றார்.

ஆனால் அந்த வெயில் வேறொரு வேலையும் செய்துவிட்டது. அக்கோடியனுக்குள்ளே சத்தம் தருகிற நாக்குத் தகடுகளை மெழுகில்தான் பதித்திருப்பார்கள். மேல்தட்டுச் சூட்டில் மெழுகு இளகியிருக்கிறது. சம்பூரில் மேடை ஏறி, ஜெனரேட்டர் ஓடி, விளக்கு எரிந்து, சனம் பாய் விரித்து உட்கார்ந்த பிறகு அங்கிள் பெட்டியை இழுத்தார். உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது. காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தார். “ஒரு தகடு கழன்று விழுந்திட்டு, மகன்.” அது சின்னப் பெட்டி, ஒரு கட்டைக்கு ஒரு தகடுதான். மேல் ஸ்தாயி ஸா ஊமையாகிவிட்டது. ஸா இல்லாமல் எந்தப் பாட்டை வாசிப்பது?

அங்கிள் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு மைக்கை வாய்க்குக் கிட்ட இழுத்து வைத்தார். முதற்பாட்டு. கட்டைகளில் விரல் ஓடுகிறது, அந்த இடம் வருகிறது, அக்கோடியன் நிற்கிறது, அங்கிள் அந்த ஒரு சுரத்தை மட்டும் விசிலடித்து நிரப்புகிறார், திரும்பவும் அக்கோடியன். மயிரிழை பிசகவில்லை. சனம் இதைப் புதுப் பாணி என்று நினைத்தது. மூன்றாம் பாட்டில் முன்வரிசைப் பொடியன்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்த இடம் வந்ததும் அவர்களும் விசிலடித்தார்கள். நடுச்சாமத்துக்குள் ஆண், பெண், பிள்ளைகள் என்று ஊரே அந்த ஸாவுக்காகக் காத்திருந்து விசிலடித்தது. என் ஆயுளில் அப்படி ஒரு ஸாவை நான் கேட்டதில்லை.

அன்று வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி, மேடைக்குக் கீழே நஷனல் கசெற் றெக்கோடரை வைத்து முழுவதையும் பதிவு செய்தார். பிரதி எடுத்துத் தருவதாகச் சொன்னார். நாங்களும் அடுத்தமுறை போகும்போது வாங்கலாம் என்று இருந்துவிட்டோம். அப்புறம் 83 கலவரம் வந்தது. ஏழு பேரும் ஏழு திசை.

சம்பூர்ச் சனம் 2006 இல் போரால் ஊரோடு இடம்பெயர்ந்து, கிட்டத்தட்டப் பத்து வருடம் முகாம்களில் இருந்து திரும்பியவர்கள். வீடு வாசலே போன இடத்தில் ஒரு கசெற்றைக் கேட்பது சரியா என்று மனைவி கேட்டாள். எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. ஆனால் ஓடுகிற நேரத்தில் மனிதர் எதை எடுத்து மடியில் கட்டுவார் என்று சொல்ல முடியாது. அங்கிள் புயலில் அக்கோடியனை எடுக்கவில்லையா? அல்லது அந்தத் தம்பி அதைத் திரும்ப வெளிநாட்டுக்கே கொண்டுபோயிருக்கலாம்.

அங்கிள் 2011 இல் காலமானார். கடைசிக் காலத்தில் விரல்கள் மடங்கிவிட்டன. அவருடைய பேத்திக்கு இப்போது பதினாறு வயது. அந்த ஹோனர் அவளிடம்தான் இருக்கிறது, அருமையாக வாசிக்கிறாள். தேன்மெழுகும் குங்கிலியமும் உருக்கி அங்கிள் தன் கையாலேயே திரும்பப் பதித்த தகடு இன்னும் அசையவில்லை. ஆனால் தாத்தா வாசித்து அவள் ஒருநாளும் கேட்டதில்லை. போன மாதம் என்னிடம், “தாத்தா எப்படி வாசிப்பார், பெரியப்பா?” என்று கேட்டாள். வாயால் எப்படிச் சொல்வது?

உங்கள் வாசகர்கள் யாரிடமாவது, சம்பூரிலோ மூதூரிலோ கனடாவிலோ, அந்தக் கசெற் இருந்தால் உங்கள் அலுவலகத்துக்கு அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பூஞ்சணம் பிடித்திருந்தாலும் பரவாயில்லை, துடைத்து எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மேலே பெயரோ திகதியோ எழுதியிருக்காது. ஆனால் கண்டுபிடிப்பது சுலபம். இடையில் ஒரு அம்மாச்சி, “பாடின பிள்ளையைக் கூட்டிவாங்கோ, தலையில பூ வைக்கவேணும்” என்று மேடைக்குக் கிட்ட வந்து கேட்கிற சத்தம் இருக்கவேண்டும். (பூவை எங்கள் பொடியன் திரைக்கு வெளியே கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டான்.) அதுவும் அழிந்து போயிருந்தால், கொஞ்சம் பொறுத்துக் கேட்டுப் பாருங்கள். அக்கோடியன் ஓடிவந்து ஓரிடத்தில் சட்டென்று நிற்கும், ஊரே விசிலடிக்கும், திரும்பவும் அக்கோடியன் தொடங்கும். அதுதான்.

இப்படிக்கு,
முதிரைப் பேஸ் வாசித்தவன்,
பாலையூற்று, திருகோணமலை.