செயலாளர் ஆண்டறிக்கை: சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோரே, பிள்ளைகளே, வணக்கம்.

நம் சங்கத்தின் பொங்கல், தைப்பூசக் காவடிக்கு அன்னதானம், சித்திரைப் புத்தாண்டு எல்லாம் வழக்கம்போல நடந்தன. காவடி அன்று சாம்பார் தீர்ந்த பிறகும் வரிசை தீரவில்லை. அடுத்த முறை இன்னொரு அண்டா வேண்டும். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சங்கம் நடத்தும் தமிழ்ப் பள்ளியைப் பற்றிச் சொல்கிறேன்.

இரண்டாம் பருவத்தில் சில பிள்ளைகள் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். வீடு தேடிப் போய்க் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 1860 முதல் இங்கே நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழியில் வந்த பிள்ளைகள் தேவாரத்தை அழகாகப் பாடுவார்கள். பேச்சுத் தமிழ் வராது. அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சரளமாகப் பேசுவார்கள். பாடும் பிள்ளைகள் திக்கித் திக்கி வாசித்தால், சரளமாகப் பேசும் பிள்ளைகள் சிரிப்பார்கள். சரளமாகப் பேசும் பிள்ளைகளின் இங்கிலீஷைப் பாடும் பிள்ளைகள் நடித்துக் காட்டுவார்கள். அப்புறம் அது ஆடியோவாக வாட்ஸ்அப்பில் சுற்றும். நடிப்பவர் இருவர் என்றால் சுற்றி நின்று சிரிப்பவர்கள் ஒரு கூட்டம்.

"ரெண்டு போடு போட்டால் சரியாகிவிடும்" என்றார் ஒரு மூத்த உறுப்பினர். 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம், பத்தாம் பிரிவில், பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் கிடக்கட்டும். பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்று சீண்டும் பையன் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கிறான். நாமும் அதையே ஏன் காட்ட வேண்டும்?

நம் மூத்த மாணவர்களில் சிலர் தங்கள் உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் பிரதிநிதிக் குழுவில் இருப்பவர்கள். "எங்களிடம் விடுங்கள், அங்கிள்" என்றார்கள். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய கிவா என்ற சீண்டல் தடுப்புத் திட்டத்தைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். சீண்டுபவனுக்குத் தெம்பு கொடுப்பது பார்வையாளர்கள்தான் என்பது அதன் அடிப்படை. அதனால் சிரிப்பவர்களைத்தான் முதலில் பிடித்தார்கள். அவர்களிடம் சொன்னது இதுதான்: யாரோடும் மோத வேண்டாம்; சிரிக்காமல் இருந்து, கேலிக்கு ஆளான பிள்ளையை "வா, சாப்பிடலாம்" என்று அழைத்துப் போனால் போதும். பிறகு தனியாக நலம் விசாரிக்க வேண்டும்.

சரளமாகப் பேசும் பிள்ளையையும் பாடத் தெரிந்த பிள்ளையையும் ஜோடியாக உட்கார வைத்தார்கள். ஒருவர் பேச்சு சொல்லிக்கொடுக்க, மற்றவர் பண் சொல்லிக்கொடுத்தார். எல்லா ஜோடியும் ஒத்துப்போகவில்லை, மாற்றி மாற்றி வைத்தார்கள்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். அடி, மிரட்டல், பணம் பறிப்பு என்று போனால் மாணவர்கள் பஞ்சாயத்து செய்யக் கூடாது. ஆசிரியரிடம் வர வேண்டும். பயந்திருக்கும் பிள்ளையைச் சபையில் நிறுத்தி "கை குலுக்கு" என்பது சமாதானம் ஆகாது.

வாட்ஸ்அப் விஷயமாக ஒரு வழக்கறிஞர் வந்து பேசினார். 2011ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி ஒரு சிறுவரே, பெற்றோர் துணை இல்லாமலும், நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம் என்றதும் பின்வரிசை அமைதியாகிவிட்டது. பிள்ளைகளுக்கான தொலைபேசி உதவிச் சேவையான சைல்ட்லைனின் இலவச எண் 116 இப்போது வகுப்புக் கதவில் ஒட்டியிருக்கிறது.

பள்ளி வன்முறைக்கும் சீண்டலுக்கும் எதிரான யுனெஸ்கோ நாள் நவம்பர் முதல் வியாழன். இங்கே அது ஆண்டுத் தேர்வு நேரம். ஆகவே பிள்ளைகள் ஆகஸ்டிலேயே தங்கள் நாளை நடத்தினார்கள். சங்கம் பெரிய பேனர் அடித்துக் கொடுத்தது. அவர்கள் அதைவிட உருப்படியாக ஒன்று செய்தார்கள்: கேலி எங்கெங்கே நடக்கிறது என்று மண்டபத்தின் படம் வரைந்து குறித்தார்கள். கழிப்பறைப் படிக்கட்டில் சில புள்ளிகள். வாசலில்தான் புள்ளிகள் குவிந்தன: வகுப்பு முடிந்து பெற்றோருக்காகக் காத்திருக்கும் நேரம்.

நின்றுபோன பிள்ளைகளில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள். ஒரு குடும்பம் வரவில்லை. அவர்கள் முடிவை மதிக்கிறோம்.

வாசல் விஷயத்தைப் பிள்ளைகளால் தீர்க்க முடியாது. வரும் ஆண்டு முதல் வகுப்பு முடிந்ததும் இரண்டு பெற்றோர் வாசலில் நிற்க முறைவைப்போம். பட்டியல் தேநீர் மேசையில் இருக்கிறது. பெயர் எழுதிவிட்டுப் போங்கள். மற்றவர்கள் தயவுசெய்து நேரத்துக்கு வந்து பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்.

இவ்வறிக்கையைச் சபை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்