நவாஹோ நாட்டின் நான்கு வீடுகளுக்கு மின்சாரம்: உதவிய அனைவருக்கும் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநில வடபகுதியில், நவாஹோ பழங்குடியினரின் தன்னாட்சி நிலமான நவாஹோ நாட்டில், டியூபா சிட்டிக்குத் தெற்கில் மண்சாலை ஒன்றின் ஓரமாக இருக்கும் நான்கு வீடுகளுக்கு இந்தக் கோடையில் மின் இணைப்பு கிடைத்துவிட்டது என்பதை மிகுந்த மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். இங்குள்ள பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரியும் நான், என் மாணவர்கள் வாழும் அந்த வீடுகளின் உள் ஒயரிங் செலவுக்காக உங்களிடம் கேட்டபோது, ஃபீனிக்ஸ் நகரத் தமிழ்க் குடும்பங்களும் அவர்கள் வழியாகச் செய்தி அறிந்த வேறு ஊர் நண்பர்களும் தயங்காமல் கொடுத்தீர்கள். பணம் எதற்குச் செலவாயிற்று என்று கணக்கு மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு வீட்டுக்குள் விளக்கு எரிவதற்கு முன்னால் எத்தனை பேருடைய உழைப்பும் பொறுமையும் ஒப்புதலும் சேர வேண்டியிருக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், அவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி அந்த நான்கு குடும்பங்களுக்கு உரியது. அவர்கள் காத்திருந்த காலம் சாதாரணமானதல்ல. நவாஹோ, ஹோப்பி ஆகிய இரு பழங்குடியினருக்கும் இடையிலான நிலத் தகராறைக் காரணமாகக் கொண்டு, 1966 இல் அன்றைய இந்தியர் விவகார (அதாவது அமெரிக்கப் பழங்குடியினர் விவகார) ஆணையர் ராபர்ட் பென்னெட் இந்த மேற்குப் பகுதியின் ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கர் நிலத்தில் வளர்ச்சிப் பணிகளுக்குத் தடை விதித்தார். இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலொழிய புது வீடு கட்ட முடியாது, கூரையைச் செப்பனிட முடியாது, குழாயோ மின்கம்பியோ இழுக்க முடியாது என்ற நிலை, 2009 இல் அத்தடை சட்டப்படி முழுமையாக நீக்கப்படும் வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அந்தத் தடைக்குள் பிறந்து, அதற்குள்ளேயே பிள்ளைகளை வளர்த்து, பேரப்பிள்ளைகளையும் கண்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். தடை நீங்கியதும் எல்லாம் தானாக வந்துவிடவில்லை. விண்ணப்பம் எழுதி, ஊர்க்கூட்டத்துக்குப் போய், கேட்ட தாளை எல்லாம் மறுபடியும் கொடுத்து, நம்பிக்கை இழக்காமல் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் அவர்கள்தான்.

உங்களுக்கு நன்றி சொல்லும் இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இந்த வீடுகளின் வாசலில் நின்றால் தொலைவில் உயர் அழுத்த மின்கோபுரங்கள் வரிசையாகப் போவது தெரியும். வடக்கே பேஜ் நகருக்கு அருகில், நவாஹோ நிலத்திலேயே, 2,250 மெகாவாட் திறன் கொண்ட நவாஹோ அனல்மின் நிலையம் 1974 முதல் 2019 நவம்பர் வரை இயங்கியது. பிளாக் மேசா மேட்டுநிலத்தில் வெட்டிய நிலக்கரியை அதற்குக் கொண்டுவருவதற்காகவே 78 மைல் நீளத்துக்கு ஒரு மின்ரயில் பாதை போடப்பட்டிருந்தது. அங்கே உற்பத்தியான மின்சாரம் ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் லாஸ் வேகஸுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் போயிற்று. கொலராடோ ஆற்று நீரைப் பாலைவனத்தின் குறுக்கே 336 மைல் கொண்டுவந்து, டூசானை எட்டுவதற்குள் ஏறத்தாழ 2,900 அடி உயரம் ஏற்றிவிடும் மத்திய அரிசோனா கால்வாயின் பம்புகளை ஓட்டியதும் பெரும்பாலும் அதே மின்சாரம்தான். நிலையமும் சுரங்கமும் நவாஹோ மக்களுக்கு நல்ல சம்பளத்தில் வேலையும், பழங்குடி அரசுக்கு வருவாயும் தந்தன. அவை மூடப்பட்டபோது பல குடும்பங்கள் தவித்தன என்பதும் உண்மை. ஆயினும் ரயில் ஓட மின்சாரம் கிடைத்த நிலத்தில், ரயில் பாதைக்கு அப்பால் இருந்த வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. ஃபீனிக்ஸில் நாம் போட்ட குளிர்சாதனமும் திறந்த குழாயும் இந்த நிலத்துக்குக் கடன்பட்டவை. ஆகவே நீங்கள் அனுப்பிய தொகையை நான் தருமம் என்று யாரிடமும் சொல்லவில்லை. பழைய கடனில் ஒரு சிறு பகுதி என்றே சொன்னேன். அப்படிச் சொன்னதை உங்களில் பலர் மனமார ஏற்றுக்கொண்டு பதில் எழுதினீர்கள். அதற்காகத் தனியாக ஒரு நன்றி.

அடுத்து, என்.டி.யு.ஏ. என்று இங்கே எல்லோரும் அழைக்கும் நவாஹோ பழங்குடிப் பொதுச்சேவை வாரியத்தின் திட்டப் பிரிவினருக்கு நன்றி. 1936 ஆம் ஆண்டின் ஊரக மின்மயச் சட்டத்தால் அமெரிக்கக் கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்த பிறகும் நவாஹோ நாட்டின் பெரும்பகுதி இருட்டில்தான் இருந்தது. வெளியார் யாரும் வரப்போவதில்லை என்று கண்டு, பழங்குடி மன்றமே 1959 இல் இந்த வாரியத்தை உருவாக்கியது. ஃபோர்ட் டிஃபையன்ஸைத் தலைமையிடமாகக் கொண்டு, மின்சாரத்தோடு குடிநீரையும் எரிவாயுவையும் தொலைத்தொடர்பையும் அது கவனித்துக்கொள்கிறது. அதன் பொறுப்பில் உள்ள நிலம், அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்த ஏறத்தாழ 27,000 சதுர மைல். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் சற்றுக் கூடுதல். ஆட்டு மந்தையோடு மேய்ச்சல் நிலத்தின் நடுவே வாழ்ந்து பழகிய மக்கள் ஆதலால், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே சில மைல்கள் இருப்பது இங்கே இயல்பு. ஒரு வீட்டுக்கு இணைப்புத் தரச் சராசரியாக 40,000 டாலர் வரை ஆகும் என்று வாரியம் சொல்கிறது. கம்பத்துக்கும் கம்பிக்கும் போட்ட பணத்தை அந்த வீட்டின் மாதக் கட்டணத்தில் மீட்க எந்தத் தலைமுறையிலும் முடியாது. 2019 இல்கூட ஏறத்தாழ 15,000 வீடுகள் மின்சாரம் இல்லாமல் இருந்ததற்கு இந்தக் கணக்கே முதற்காரணம்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கையை விரித்துவிடாமல், வரைபடத்தோடு உட்கார்ந்து வழி தேடுபவர்கள் திட்டப் பிரிவினர். எந்த வீட்டை எந்த வீட்டோடு சேர்த்தால் ஒரே லைனில் நான்கு இணைப்பு கொடுக்கலாம், கடைசி வீட்டுக்குப் போவதற்குள் வோல்டேஜ் எவ்வளவு குறையும், இன்று போடும் ஒற்றை பேஸ் லைனை நாளை அதே பாதையில் நீட்ட முடியுமா, எந்த வீட்டுக்குக் கம்பி இழுப்பதைவிடச் சூரியத் தகடும் பேட்டரியும் மாத வாடகைக்குக் கொடுப்பது நியாயம் என்பதையெல்லாம் அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். எங்கள் சாலையில் நான்கு வீடுகள் லைனுக்குள் வந்தன. மேட்டுக்கு அப்பால் இருக்கும் ஐந்தாவது வீட்டைப் பற்றி அவர்கள் காட்டிய அக்கறையை நான் மறக்க மாட்டேன். அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாமல், அடுத்த கட்டத்தில் நீட்டுவதற்கு வசதியாகக் கடைசிக் கம்பத்தின் இடத்தை முன்கூட்டியே அதற்கேற்ப மாற்றினார்கள். கயெண்டாவில் 2017 இலும் 2019 இலும் இரண்டு கட்டங்களாக 55 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்த வாரியம்தான் இது. பெரிய நிலையத்தைத் திட்டமிட்ட அதே கவனத்தோடு ஒரு கம்பத்தின் இடத்தையும் யோசிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

காகித வேலை செய்தவர்களுக்குச் சொல்லும் நன்றியைச் சற்று நீட்டியே சொல்ல வேண்டும், ஏனெனில் அவர்களைப் பொதுவாக யாரும் நினைப்பதில்லை. இங்குள்ள நிலத்தின் பெரும்பகுதி பழங்குடியினருக்காகக் கூட்டரசு பொறுப்பில் வைத்திருக்கும் நிலம். தனியார் பட்டா கிடையாது. வீட்டுமனைக் குத்தகை வேண்டும். சாப்டர் எனப்படும் ஊர் மன்றத்தின் தீர்மானம் வேண்டும். லைன் போகும் வழியில் மேய்ச்சல் அனுமதி வைத்திருக்கும் ஒவ்வொருவருடைய சம்மதமும் வேண்டும். தொல்லியல் சோதனையும், செடிகொடி, விலங்குகளுக்குத் தீங்கில்லை என்ற சோதனையும் முடிந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் கம்பம் நட முடியாது. கோடையில் ஆட்கள் வந்து இறங்கும்போது எல்லா ஒப்புதலும் தயாராக இருக்க வேண்டுமென்றால், அதற்கு முந்தைய பனிக்காலம் முழுவதும் யாரோ ஒருவர் சேற்றுச் சாலையில் வண்டி ஓட்டி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்த சாப்டர் அலுவலகப் பெண்மணிக்கு எங்கள் சாலையே கடமைப்பட்டிருக்கிறது.

சம்மதம் தந்த முதியவர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய சொந்த வீட்டுக்கு இந்த லைனால் எந்தப் பயனும் இல்லை. நில அளவையாளர் நட்டிருந்த ஆரஞ்சு நாடா கட்டிய முளைக்குச்சிகளின் ஓரமாக மெதுவாக நடந்து பார்த்தவர், ஒரு குச்சியின் அருகில் நின்று, ஆடுகள் தண்ணீர்த் தொட்டிக்கு இறங்கும் தடம் அது என்று காட்டினார். அளவையாளர் மறுபேச்சுப் பேசாமல் குச்சியைப் பிடுங்கிச் சில அடி தள்ளி நட்டார். முதியவர் தாளில் கையெழுத்திட்டார். இன்னோர் இடத்தில், தொல்லியல் குழுவினர் பழைய மண்பாண்டச் சில்லுகள் கிடந்ததைக் கண்டு சொன்னதால் லைன் சற்று வளைந்து போயிற்று. இப்படி வளைவதால் செலவு கூடுகிறது என்று குறைபடுபவர்கள் உண்டு. நிலத்தின் மேல் உரிமையுள்ளவர்களைக் கேட்டுப் போட்ட லைன் வளைந்துதான் போகும். அந்த வளைவுக்கு ஆகும் செலவு நியாயமான செலவு என்பதே என் கருத்து.

கம்பம் நட்ட லைன்மேன்களுக்கு நன்றி சொல்ல எனக்குச் சொற்கள் போதவில்லை. 2019 இல் அமெரிக்கப் பொது மின்சாரச் சங்கத்தோடு சேர்ந்து வாரியம் தொடங்கிய ‘லைட் அப் நவாஹோ’ முயற்சியின்படி, வேறு மாநிலங்களின் நகராட்சி மின் நிறுவனங்கள் தம் ஆட்களையும் வண்டிகளையும் சில வாரங்களுக்கு இங்கே அனுப்பிவைக்கின்றன. பெருந்தொற்றால் நின்றுபோய், 2022 இல் மீண்டும் தொடங்கிய அந்த முயற்சியின் கீழ்தான் எங்கள் சாலைக்கும் ஆட்கள் வந்தார்கள். 40 அடிக் கம்பம் என்றால் 6 அடி ஆழத்துக்குக் குழி வேண்டும். மணலாக இருந்த இடத்தில் தோண்டத் தோண்டக் குழி சரிந்தது. நாலடி போனதும் பாறை வந்த இடத்தில் துளைக்கும் கருவியின் பல் தேய்ந்து, மாற்றிப் போட்டு மறுபடி துளைத்தார்கள். அவர்களோடு வேலை செய்த நவாஹோ லைன்மேன்கள் எந்த ஓடை மழையில் வண்டியை இழுத்துவிடும், எந்தப் பாதையில் கனரக வண்டி புதையும் என்று சொல்லி வழி காட்டினார்கள். ஸ்டே கம்பி இழுத்து, டிரான்ஸ்பார்மர் ஏற்றி, மீட்டர் பொருத்திய பிறகும் அவர்கள் உடனே கிளம்பிவிடவில்லை. மெயின் சுவிட்சை எப்படி அணைப்பது, கம்பி அறுந்து கிடந்தால் எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் பொறுமையாகச் சொல்லிவிட்டே போனார்கள்.

உங்கள் பணம் நேரடியாகச் சேர்ந்தது வீட்டுக்குள் நடந்த ஒயரிங் வேலையில். உள்ளே ஒயரிங் முடிந்து சோதனையில் தேறினால்தான் வீட்டுக்கு மின்சாரம் விடுவார்கள். அந்தச் செலவைத் தாங்க முடியாமல், வாசல் வரை கம்பம் வந்தும் இருட்டில் இருக்கும் வீடுகள் உண்டு. நான்கில் ஒன்று, மரத்துண்டுகளை எண்கோணமாக அடுக்கி, கிழக்கே வாசல் வைத்துக் கட்டிய ஹோகன் என்னும் மரபு வீடு. அந்த வீட்டுப் பாட்டி, சுவர் மரங்களைத் துளைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். எலக்ட்ரீஷியன் குழாயை மரத்தின் மேலாகவே ஓட்டி, அடுக்கின் இடைவெளிகளில் கிளிப் அடித்து, பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் சுவிட்ச் போர்டை வைத்துக் கொடுத்தார். கூடுதலாக ஆன நேரத்துக்கு அவர் கூலி வாங்கவில்லை. ஐஸ் பெட்டியில் வைத்திருந்த பாட்டியின் இன்சுலின் இப்போது குளிர்பதனப் பெட்டிக்குப் போய்விட்டது. ஐஸ் வாங்குவதற்காகவே டியூபா சிட்டிக்கு வண்டி எடுக்க வேண்டிய வேலை அவருடைய மகளுக்கு இனி இல்லை.

பெரியவர்களுக்கும் வந்தவர்களுக்கும் இடையில் நின்று, நவாஹோ மொழியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசி வேலையை நடத்திக்கொடுத்த என் மாணவர்களுக்கு ஆசிரியரின் அன்பும் நன்றியும். அவர்களில் இருவர் லைன்மேன் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப்போவதாகச் சொல்கிறார்கள். அதற்கு வேண்டிய கணிதத்தைப் பள்ளி நேரம் முடிந்தபின் சொல்லிக்கொடுக்க, ஃபீனிக்ஸிலிருந்து காணொலி வழியாக வர ஒப்புக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர் ஐயாவுக்கும் என் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கு, எலக்ட்ரீஷியன் தந்த ரசீதுகளோடு, பணம் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் தனியே அனுப்பப்படும். அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்ட இரு சகோதரிகளுக்கும் நன்றி. நான்கு வீடுகள் போக ஒரு சிறு தொகை மீதம் இருக்கிறது. மேட்டுக்கு அப்பால் இருக்கும் ஐந்தாவது வீட்டுக்கான வழிக்கு மேய்ச்சல் அனுமதிதாரர்களின் சம்மதம் கிடைத்துவிட்டது. தொல்லியல் சோதனை பனிக்கு முன்னால் முடிந்துவிடும் என்று சாப்டர் அலுவலகத்தில் எதிர்பார்க்கிறார்கள். மீதத் தொகையை அந்த வீட்டு ஒயரிங்குக்கே ஒதுக்கிவைக்க விரும்புகிறேன். உங்களில் யாருக்கேனும் வேறு எண்ணம் இருந்தால் இந்த மாத இறுதிக்குள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் ஆசிரியர் நண்பன்