காவல் ஆய்வாளருக்கே இல்லாத அதிகாரம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

ஓசூர், சூளகிரி, பர்கூர் பக்கத்துத் தொழிற்சாலைகளின் மனிதவள மேலாளர்களுக்கு,

வணக்கம். ஸ்டோரில் பொருள் குறைந்தால் மேலிடத்திலிருந்து உங்களுக்கு என்ன நெருக்கடி வரும் என்று தெரியும். உள்விசாரணைகளில் தொழிலாளிக்குத் துணையாக உட்காருகிறவன் நான். ஆலையில் திருட்டே நடப்பதில்லை என்று சாதிக்க வரவில்லை. திருடனைப் பிடிக்க நீங்கள் கூட்டிவரும் அந்தப் பொய் கண்டறியும் கருவியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

சமீபத்தில் இந்தப் பக்கத்து ஆலை ஒன்றில், ஒரு பிரிவில் இரவு ஷிப்ட் பார்த்த அத்தனை பேரையும் பொய் கண்டறியும் சோதனைக்கு வரச் சொன்னார்கள். கையெழுத்துக்கு நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தேன். அரைப் பக்கம், முழுக்க ஆங்கிலம். என் சொந்த விருப்பத்தில் சம்மதிக்கிறேன் என்பது சாரம். கீழே பெயர், டோக்கன் நம்பர், கையெழுத்து. மாட்டேன் என்று எழுத ஒரு கோடு கூட இல்லை. போட வேண்டியவர்களில் பலர் பென்னாகரம், அரூர் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் காண்ட்ராக்ட் பெண்கள். "போடலேன்னா நாளைக்கு வர வேண்டாம்" என்று சூப்பர்வைசர் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதுவா சம்மதம்?

2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: இந்தச் சோதனையை யார் மீதும் கட்டாயப்படுத்தி நடத்தக்கூடாது. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் 20(3), உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்புத் தரும் 21 ஆகிய அரசியல் சட்டப் பிரிவுகளுக்கு அது விரோதம். ஒருவர் மனமொப்பி உட்கார்ந்தாலும், வரும் முடிவைச் சாட்சியமாக ஏற்க முடியாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2000-இல் வகுத்த நெறிமுறைகளையும் கடைப்பிடிக்கச் சொன்னது. அதன்படி வக்கீல் வசதி தர வேண்டும், சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன்பு பதிவு செய்ய வேண்டும்.

அதெல்லாம் போலீஸ் விசாரணைக்கு, தனியார் கம்பெனிக்கு இல்லை என்று உங்கள் வக்கீல் சொல்வார். சரி, தனியார் முதலாளியை நேரடியாகத் தடுக்கும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லைதான். அது அரசிடம் கேட்க வேண்டிய கணக்கு. ஆனால் உங்களுக்கு அனுமதி தரும் சட்டம் எது? கொலை வழக்கில் சிக்கியவரையே மாஜிஸ்திரேட் முன் நிறுத்திச் சம்மதம் கேட்க வேண்டும் என்கிறபோது, காணாமல் போன செம்புக் கம்பிச் சுருளுக்காக நீங்கள் கான்ஃபரன்ஸ் ஹாலிலேயே காரியத்தை முடிக்கப் பார்க்கிறீர்கள்.

கருவியாவது சொன்னதைச் செய்கிறதா? நெஞ்சைச் சுற்றி ஒரு குழாய், கையில் ரத்த அழுத்தப் பட்டை, விரல்களில் தகடு. மூச்சு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், விரல் வியர்வை இவற்றைத்தான் அது அளக்கிறது. பொய்க்கென்று உடம்பில் தனி அடையாளம் எதுவும் கிடையாது. பரவலாக நடக்கும் முறையில், "வாழ்க்கையில் எப்போதாவது கேட்காமல் ஒரு பொருளை எடுத்ததுண்டா?" என்பது மாதிரி பொதுவாக ஒரு கேள்வி கேட்பார்கள். அப்புறம், "ஸ்டோரிலிருந்து கம்பியை எடுத்தது நீயா?" என்பார்கள். குற்றமற்றவருக்கு முதல் கேள்விதான் அதிகம் உறுத்தும், திருடியவருக்கு இரண்டாவது உறுத்தும் என்பது அவர்கள் கணக்கு. வேலை போனால் தங்கையின் காலேஜ் பீஸ் நின்றுவிடும் என்ற நிலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு எந்தக் கேள்வியில் நெஞ்சு அடித்துக்கொள்ளும்? இதில் ராத்திரி முழுக்கக் கண்விழித்த உடம்பு வேறு.

வெளிநாட்டுக் கம்பெனிகளில் இது சகஜம் என்று ஒரு மேலாளர் சொன்னார். அமெரிக்காவிலேயே 1988-இல் சட்டம் போட்டுப் பெரும்பாலான தனியார் முதலாளிகளுக்கு இதைத் தடை செய்துவிட்டார்கள். திருட்டு விசாரணைக்குக் கொஞ்சம் விலக்கு உண்டு. அதற்கும், குறிப்பிட்ட அந்த ஆளைச் சந்தேகிக்க நியாயமான காரணம் வேண்டும், குறைந்தது 48 மணி நேரம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். பாதியில் எழுந்து போகவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஒரு ஷிப்டையே வரிசையில் நிறுத்துவது அங்கேயும் செல்லாது.

பொருள் போயிருந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டர் இருக்கிறது, கேட் பாஸ் இருக்கிறது, மூலைக்கு மூலை கேமரா இருக்கிறது. போலீசில் புகார் கொடுங்கள். சந்தேகம் ஒருவர் மேல் என்றால் சார்ஜ் ஷீட் கொடுத்து விசாரியுங்கள். ஆலையின் வேலை விதிகளான நிலையாணைப்படி சஸ்பெண்ட் செய்தாலும், முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். இந்தச் செலவும் சிரமமும் வேண்டாம் என்றுதான் கருவியைத் தேடுகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

இந்த மடல் தொழிலாளர்களின் வாட்ஸ்அப்பிலும் சுற்றும், அதனால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் கேளுங்கள். "எனக்கு விருப்பமில்லை" என்று தேதியோடு எழுதிக் கொடுத்து, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி எழுதிக் கொடுத்தவருக்கு ஷோகாஸ் நோட்டீஸ் அனுப்புவதாக இருந்தால், மேலாளர்களே, ஒன்றை மறக்காதீர்கள். சட்டப்படியான, நியாயமான உத்தரவை மீறினால்தான் ஒழுங்கீனம். உங்கள் உத்தரவு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவுப்படி என்பதை நோட்டீஸிலேயே எழுதிவிடுங்கள். விசாரணையில் நான் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

இப்படிக்கு,
ஓசூர் சிப்காட் தொழிலாளி ஒருவன்