24 வருகிறதா, எண்ணிப் பார்

கிருஷ்ணகிரி

கயல் கண்ணுக்கு,

நீ அனுப்பிய கோப்பைப் பார்த்தேன். மாங்கூழ் ஆலைக்கு வரும் லாரிகளுக்கு இறக்கும் ஸ்லாட் ஒதுக்கும் கணக்கு. சாட் சால்வர் (கொடுத்த விதிகள் எல்லாம் ஒருங்கே நிறைவேறுமா என்று தேடும் நிரல்) 'அன்சாட்', அதாவது நிறைவேறாது, என்றதால், ஒதுக்கவே முடியாது என்று ஆய்வேட்டில் எழுதப் போகிறாய். கொஞ்சம் பொறு. நீ எழுதிக் கொடுத்த கிளாஸ்களுக்குத்தான் ('இது அல்லது அது உண்மை' என்ற வடிவில் எழுதிய விதிகள்) அது விடை சொன்னது. அவையும் ஆலை வாசலில் நிற்கும் லாரிகளும் ஒன்றுதானா என்று அதற்குத் தெரியாது.

கணக்கை முதலில் சிறுசாக்கு. 3 லாரி, 4 ஸ்லாட், ஆக 12 மாறி; 'இந்த லாரிக்கு இந்த ஸ்லாட்' என்பது உண்மையா பொய்யா என்று ஒவ்வொன்றும் சொல்லும். மாறியின் எண்: லாரி எண்ணில் 1 கழித்து, 4-ஆல் பெருக்கி, ஸ்லாட் எண்ணைக் கூட்டு. பெருக்கும் 4 ஸ்லாட்டுகளின் எண்ணிக்கை. ஞாபகப் பிசகாக லாரிகளின் எண்ணிக்கையான 3-ஐப் போட்டால், முதல் லாரியின் 4-ஆம் ஸ்லாட்டும் இரண்டாம் லாரியின் 1-ஆம் ஸ்லாட்டும் ஒரே மாறி ஆகிவிடும். பெரிய கணக்கில் இப்படி மோதுவதே பொய்யான அன்சாட்டைக் கொண்டுவரும். எண்ணை 0-இலிருந்தும் தொடங்காதே. சால்வருக்குக் கொடுக்கும் டைமேக்ஸ் வடிவக் கோப்பில் 0 என்றால் கிளாஸ் முடிந்தது என்று பொருள். '0 1 2 3 0' என்று எழுதினால் முதல் 0-இலேயே ஒரு வெற்றுக் கிளாஸ் முடிந்துவிடும். வெற்றுக் கிளாஸ் இருந்தால் உடனே அன்சாட். வரிக் கடைசியில் 0 விட்டுப்போனால் நேர்மாறு: அடுத்த வரியும் ஒட்டிக்கொண்டு கட்டுப்பாடு தளர்ந்துபோகும்.

அடுத்தது எண்ணிக்கை. விடை வந்ததும் அதை மறுக்கும் கிளாஸ் ஒன்றைச் சேர்த்து மறுபடி ஓட்டு. அன்சாட் வரும்வரை ஓட்டு. ஒவ்வொரு லாரிக்கும் வெவ்வேறு ஸ்லாட் என்பதால் 4×3×2, அதாவது 24 விடை வர வேண்டும். 60 வந்தால், ஒரு லாரிக்கு ஒரு ஸ்லாட்டுக்கு மேல் கூடாது என்பதை எழுத மறந்திருக்கிறாய். காலி ஸ்லாட்டையும் ஏதோ ஒரு லாரி பிடித்துக்கொள்ளும் விடைகள் 36 கூடுதலாகச் சேர்ந்திருக்கும். 72 வந்தால் பயப்படாதே. 'அதிகபட்சம் ஒன்று' என்பதற்கு 2005-இல் கார்ஸ்டன் சின்ஸ் கொடுத்த தொடர் எண்ணி முறையில் துணை மாறிகள் உண்டு. காலியாக இருக்கும் ஸ்லாட்டில் அவை 3 விதமாக மதிப்பு எடுக்கலாம், அதனால் ஒவ்வொரு விடையும் மும்முறை வருகிறது. மறுப்புக் கிளாஸில் உன் 12 மாறியை மட்டும் போடு, 24-க்கு இறங்கிவிடும். அந்த முறையை விட்டுவிடவும் வேண்டாம்: 100 மாறிக்கு 'இந்த இரண்டும் சேரக்கூடாது' என்று இரண்டிரண்டாக எழுதினால் 4950 கிளாஸ், இதில் 99 துணை மாறியோடு 296 தான்.

இரவெல்லாம் ஓடியும் முடியாத கோப்பில் 51 லாரி, 50 ஸ்லாட். 51 புறாவை 50 கூட்டில் கூட்டுக்கு ஒன்றாக அடைக்கச் சொல்லும் புறாக்கூட்டுக் கணக்கேதான் இது. இது முடியாது என்பதை ரெசல்யூஷன் வழியில் (இரண்டு கிளாஸை இணைத்துப் புதியது ஒன்றைப் பெறும் வழி) நிறுவ அடுக்கேற்ற நீளம், அதாவது கணக்கு வளர வளர மடங்கு மடங்காகப் பெருகும் நீளம், வேண்டும் என்று ஹேக்கன் 1985-லேயே காட்டிவிட்டார். உன் சால்வர் கற்றுக்கொள்ளும் கிளாஸ்கள் எல்லாம் ரெசல்யூஷனில் வருபவை, இன்னும் வேகமான கணினி வாங்கி என்ன பயன்? ஸ்லாட்டைவிட லாரி அதிகமா என்று சால்வருக்கு முன்னாலேயே எண்ணிவிடு. சமச்சீரை உடைக்கும் கிளாஸ்களும் (லாரிகளை இடம் மாற்றினால் மட்டும் வேறுபடும் விடைகளில் ஒன்றை மட்டும் விடுபவை) உதவும், லாரிகள் உண்மையிலேயே ஒன்றுக்கொன்று மாற்றாக இருந்தால் மட்டும். ஒன்றில் பெங்களூரா மாம்பழம், இன்னொன்றில் அல்போன்சா, இரண்டையும் வெவ்வேறு நேரத்தில்தான் அரைப்பார்கள் என்றால் அவை மாற்று ஆகாது. அங்கே சமச்சீரை உடைத்தால் நல்ல விடையையே வெட்டி எறிந்துவிடுவாய்.

அன்சாட் என்பதற்கு சால்வர் எழுதித் தரும் டிராட் சான்றை எடுத்து வை, அதைச் சோதிக்கும் தனி நிரலான சரிபார்ப்பானில் ஓட்டு. சான்று பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. 2016-இல் பிதாகரஸ் மும்மைக் கணக்குக்கு வந்த சான்று கிட்டத்தட்ட 200 டெராபைட். ஆனால் சான்றும் கிளாஸ்களுக்குத்தான் சாட்சி. நீ விதியைத் தப்பாக எழுதியிருந்தால் அந்தத் தப்புக்கும் அது சுத்தமான சான்று கொடுக்கும்.

ஆகவே ஒவ்வொரு விதிக் கூட்டத்துக்கும் ஒரு சுவிட்ச் மாறி வை. அதன் மறுப்பை அந்தக் கூட்டத்தின் எல்லாக் கிளாஸிலும் சேர்த்து, சுவிட்சுகளை அனுமானமாக (எல்லாம் உண்மை என்று வைத்து) கொடுத்து ஓட்டு. அன்சாட் வந்தால் எந்தெந்த விதிகள் முட்டிக்கொள்கின்றன என்று சால்வரே சொல்லும். ஆய்வேட்டில் எழுத வேண்டியது அந்தப் பட்டியலைத்தான், வெறும் 'முடியாது' அல்ல.

3 லாரி கோப்பை மட்டும் அனுப்பு. பெரியது இப்போதைக்கு வேண்டாம்.

அம்மா